ஒரு துளியின் புளிப்பு

(ஜவ்வாது மலை, புதூர்நாட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

புளியும் நெல்லியும் விளைகிற மலைக்கு வந்து புளிப்பைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? மரத்துப் புளிப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. அது உங்களுக்குத்தான் தெரியும். நான் பேச வந்தது ஒரு துளிக்குள் இருக்கும் புளிப்பைப் பற்றி. ஒரு துளி இரத்தம். ஒரு துளி நொதிக் கரைசல். கண்ணுக்கே தெரியாத ஒரு கருவைச் சுற்றியிருக்கும் ஒரு துளி நீர். அந்தத் துளியில் அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அறிவது எப்படி? அறிந்த பிறகு, அதைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் பிடித்து நிறுத்துவது எப்படி? அதற்கென்று விரல்நுனியில் அடங்குகிற கருவிகளைச் செய்தவர்கள் யார்? எங்கே அவர்கள் வென்றார்கள்? எங்கே இன்னும் திணறுகிறார்கள்? இன்றைய பேச்சு அவ்வளவுதான்.

துளிக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று ஒரு தாய் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி.

இரவில் கரைத்து வைத்த கேழ்வரகுக் கூழ் காலையில் புளித்திருக்கிறது. யார் புளிக்க வைத்தது? கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அவை மாவைத் தின்று லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன. அமிலம் ஏற ஏற வேறு கிருமிகள் உள்ளே வர முடியாது. இன்னும் ஏறினால், புளிக்க வைத்தவையே சோர்ந்துவிடும். உயிர் இருக்கும் இடத்தில் எல்லாம் அமிலம் உண்டாகிறது. அமிலத்தின் அளவு அந்த உயிரின் வேலையை முடுக்குகிறது அல்லது நிறுத்துகிறது.

நம் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமிலத்தன்மையை அளக்கிற பி.எச். என்ற அளவுகோலில் அது 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்க வேண்டும். எவ்வளவு குறுகிய சந்து பாருங்கள்! எண் குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள். ஓர் அலகு குறைந்தால் அமிலம் பத்து மடங்கு. 7.4லிருந்து 7.1க்கு இறங்கினால், எண்ணைப் பார்த்தால் ஒன்றும் இல்லாததுபோல் தெரியும். உள்ளே ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு மடங்காகிவிட்டன. 6.8க்குக் கீழே போன மனிதர் பிழைப்பது மிக அரிது.

இந்த அளவுகோலை 1909இல் கொடுத்தவர் சோரன் சோரன்சென். எங்கே வேலை பார்த்தார்? மருத்துவமனையிலா? பல்கலைக்கழகத்திலா? இரண்டிலும் இல்லை, ஐயா. டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில், கார்ல்ஸ்பர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில்! நொதிகள் எந்த அமிலத்தில் நன்றாக வேலை செய்கின்றன என்று பார்க்கப் போனவருக்கு, பின்னம் பின்னமாகப் பல சுழிகள் போட்டு எழுதுவது சலித்துப்போயிற்று. சுழிகளைச் சுருக்கி ஒற்றை எண்ணாக்கினார். இன்று வயலில் மண் சோதிக்கிறவரும் அந்த எண்ணைத்தான் சொல்கிறார்.

அடுத்த படி அமெரிக்காவில். எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டும் என்று கலிபோர்னியாவின் பழக் கூட்டுறவில் வேலை பார்த்த ஒரு வேதியியலாளர் தன் பழைய கல்லூரித் தோழரிடம் போனார். சாற்றில் கந்தக டை ஆக்சைடு கலந்திருந்தது. அது லிட்மஸின் நிறத்தை வெளுத்துவிடும். தோழர் பெயர் அர்னால்ட் பெக்மன். கண்ணாடி மின்வாயில் வரும் மெல்லிய மின்னழுத்தத்தை வால்வுகள் வைத்துப் பெருக்கி, ஒரு பெட்டிக்குள் அடக்கிக் கொடுத்தார். 1930களின் நடுவில் அது விற்பனைக்கு வந்தது. பி.எச். மீட்டர் என்று உங்கள் பள்ளி ஆய்வகத்தில் பேனா அளவில் இருக்கிறதே, அதன் பாட்டன் அந்தப் பெட்டி.

ஆனால் பீருக்கும் எலுமிச்சைக்கும் பஞ்சமில்லை. குவளை குவளையாக எடுத்து அளக்கலாம். நோயாளியின் இரத்தத்தை அப்படி எடுக்க முடியுமா?

இங்கே மீண்டும் கோபன்ஹேகனுக்குப் போகிறோம். ஆண்டு 1952. போலியோ நகரத்தைச் சூறையாடுகிறது. பிளெக்டாம் மருத்துவமனைக்குத் தினமும் பிள்ளைகள் வந்து குவிகிறார்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்து போகின்றன. அன்றைய மூச்சுக் கருவிகளில் வைத்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு கூடியிருந்தது. அதை வைத்து, காரம் ஏறிவிட்டது, காரணம் புரியவில்லை என்று மருத்துவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பியோர்ன் இப்சென் என்ற மயக்க மருத்துவர் வந்தார். இது காரம் இல்லை, அமிலம் என்றார். பிள்ளைகள் போதிய அளவு மூச்சு விடவில்லை, கழிவுக் காற்று உள்ளேயே தங்கி அமிலமாகிறது என்றார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி? வாதாடித் தீர்க்க முடியுமா? முடியாது. அளந்துதான் தீர்க்க வேண்டும். மருத்துவமனையின் ஆய்வகத் தலைவர் பவுல் அஸ்ட்ருப் இரத்தத்தின் பி.எச்.சை அளந்தார். அமிலம்தான்! ஆகஸ்டு 27 அன்று, இறக்கும் தறுவாயில் இருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் குழாய் வைத்து, பையைக் கையால் அமுக்கி அமுக்கி இப்சென் காற்று செலுத்தினார். சிறுமி மீண்டாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவு பகலாக, வாரக் கணக்கில் கையாலேயே பை அமுக்கினார்கள். சாவு பெருமளவு குறைந்தது. இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நாம் சொல்வதன் தொடக்கம் அந்த வார்டு என்று மருத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள்.

மாணவர்களே, ஒரு நோயாளியின் பி.எச். ஓர் எண். அந்த ஓர் எண் சிகிச்சையைத் தலைகீழாகத் திருப்பியது.

அஸ்ட்ருப் அத்தோடு விடவில்லை. நாடியில் ஊசி குத்தி எடுக்கும் இரத்தம் கைக்குழந்தைக்கு ஆகாது. 1960இல் அவரும் சிக்கார்ட்-ஆண்டர்சன் முதலான தோழர்களும் விரலையோ குதிகாலையோ குத்தி நுண்குழாயில் எடுக்கும் இரத்தத்திலேயே எல்லாவற்றையும் அளக்கும் முறையை வெளியிட்டார்கள். அதே காலத்தில் பெர்லினில் எரிக் சாலிங், பிறக்கப்போகும் குழந்தையின் உச்சந்தலையிலிருந்தே ஒரு துளி எடுத்து, அது மூச்சுத் திணறுகிறதா என்று பார்த்தார். துளி சிறிதாகச் சிறிதாக, யாருக்கெல்லாம் உதவி எட்டுகிறது பாருங்கள்.

சரி, சிறிதாக்குவது நல்லது. அப்படியானால் எல்லாவற்றையும் சிறிதாக்கிக்கொண்டே போக வேண்டியதுதானே? இங்கேதான் இயற்கை நம்மை மறிக்கிறது. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. தாய்மார்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மைக்ரோலிட்டர் என்பது ஒரு கன மில்லிமீட்டர். கடுகளவுத் துளி. பி.எச். 7 உள்ள தூய நீரானால் அதற்குள் சுமார் 6,000 கோடி ஹைட்ரஜன் அயனிகள். நிறையவே இருக்கின்றன. இன்னும் சிறிதாக்கி ஒரு கன மைக்ரானுக்குப் போவோம். அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பக்கம் உள்ள பெட்டி. ஏறக்குறைய ஒரு பாக்டீரியாவின் உடம்பு. அதற்குள் எத்தனை ஹைட்ரஜன் அயனிகள்? கோடியா? இலட்சமா? அறுபது! வெறும் அறுபது. ஐந்து கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் தெரியும். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களை விடக் குறைவான அயனிகளை வைத்துக்கொண்டு ஓர் உயிர் குடித்தனம் நடத்துகிறது என்பதை முதல்முறை கணக்குப் போட்டுப் பார்த்தபோது என்னால் நம்ப முடியவில்லை.

அதனால்தான் சிறிய துளியில் எல்லாமே தொல்லை. சுவர் தொல்லை: துளி சிறிதாக ஆக, அதன் கொள்ளளவோடு ஒப்பிட்டால் அது தொடும் பரப்பு பெருகுகிறது. கண்ணாடிச் சுவரே ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைக்கும், திருப்பி விடும். காற்று தொல்லை: கார்பன் டை ஆக்சைடு உள்ளே கரைந்தால் அமிலம் ஏறும், வெளியே பறந்தால் இறங்கும். வெயில் தொல்லை: நீர் ஆவியானால் மிச்சம் கெட்டியாகிவிடும். குவளையில் இருக்கும்போது கண்டுகொள்ளத் தேவையில்லாதவை, துளியில் எஜமானர்களாகிவிடுகின்றன. அளந்து முடிப்பதற்குள் அளக்க வந்த பொருளே மாறிவிடுகிறது. ஆகவே துளிக்கு மீட்டர் மட்டும் போதாது. அதைப் பிடித்து நிறுத்தும் கையும் வேண்டும்.

நிறுத்துவதற்கு என்ன வழி?

பழைய வழி, தாங்கல் கரைசல். பெருமழையில் வரும் தண்ணீரை ஏரி வாங்கிக்கொண்டு கோடையில் விடுகிறதே, அதுபோல மிகுதியான அமிலத்தை வாங்கிக்கொள்ளும், குறைந்தால் விட்டுக்கொடுக்கும். நம் இரத்தத்தில் பைகார்பனேட்டும் புரதங்களும் செய்கிற வேலை அதுவே. ஆனால் தாங்கலுக்கும் குணக்கேடு உண்டு. மரபணுச் சோதனைகளில் எல்லோரும் பயன்படுத்தும் டிரிஸ் என்ற தாங்கல், ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் பி.எச்.சில் சுமார் 0.03 அலகு இறங்கும். அந்தச் சோதனைகளைச் செய்யும் பி.சி.ஆர். கருவி 95 டிகிரிக்குச் சூடேற்றும்போது, அறை வெப்பத்தில் பார்த்து வைத்ததிலிருந்து இரண்டு அலகு போய்விடுகிறது.

இரண்டாவது வழி, காற்றைக் கொண்டு நிறுத்துவது. சோதனைக்குழாய்க் கரு வளர்ப்பில் இதுதான் உயிர்நாடி. 1978இல் கொல்கத்தாவில் சுபாஷ் முகர்ஜியும், 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜும் ஈடுபட்ட துறை அது. இன்றைய கூடங்களில் கரு இருப்பது சில பத்து மைக்ரோலிட்டர் துளிக்குள். அந்தத் துளியின் மேல் எண்ணெய் ஊற்றி, ஐந்தாறு சதவீதம் கார்பன் டை ஆக்சைடு உள்ள பெட்டிக்குள் வைக்கிறார்கள். பெட்டியின் கதவை அதிக நேரம் திறந்து வைத்தால் துளியின் பி.எச். ஏறத் தொடங்கும். நுண்குழல் சில்லுகள் செய்கிறவர்கள் இதையே குறுக்கிவிட்டார்கள். ஒரு தலைமுடி அகல வாய்க்காலில் திரவம், பக்கத்து வாய்க்காலில் வாயு, நடுவில் வாயுவை மட்டும் கசியவிடும் சிலிக்கோன் ரப்பர்ச் சுவர். வாயுவின் கலவையை மாற்றினால் திரவத்தின் புளிப்பு மாறும். தொடாமலே கட்டுப்படுத்தலாம்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. மின்சாரம்! எதையும் ஊற்ற வேண்டாம், எதையும் கலக்க வேண்டாம். நீரில் இரண்டு மின்வாய்களை வைத்து மின்னோட்டம் விட்டால், நேர்மின்வாயில் ஹைட்ரஜன் அயனிகள் பிறக்கின்றன, அங்கே புளிப்பு. எதிர்மின்வாயில் ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன, அங்கே காரம். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊற வைத்த சாறு, கொஞ்சம் எப்சம் உப்பு, இரண்டு பென்சில் முனை, ஒரு 9 வோல்ட் பேட்டரி. அவ்வளவு போதும். ஒரு முனையைச் சுற்றிச் சாறு சிவக்கும், மறுமுனையைச் சுற்றிப் பச்சையாகும். நாளைக்கே உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து செய்து பாருங்கள். சமையல் உப்பு மட்டும் வேண்டாம். குளோரின் கிளம்பி நிறத்தைத் தின்றுவிடும்.

இதைக் கருவியாக்கியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். ட்வென்டே பல்கலைக்கழகத்தில் பீட் பெர்க்வெல்ட், நரம்புகளில் அயனிகள் போவதையும் வருவதையும் பார்ப்பதற்காக, 1970இல் ஒரு டிரான்சிஸ்டரின் உலோக வாயிலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் திரவத்தையே தொடவிட்டார். திரவத்தின் அமிலம் மாறினால் டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் மாறியது. கண்ணாடிக் குமிழ் இல்லாத பி.எச். உணரி பிறந்தது. 1985இல் அவரும் வான் டெர் ஸ்கூட்டும் அந்த உணரியின் பக்கத்திலேயே ஒரு மின்வாயையும் வைத்தார்கள். உணரி பார்க்கும்; மின்வாய் அமிலத்தையோ காரத்தையோ சுரக்கும். கண்ணும் கையும் ஒரே சில்லில்! ஒரு மைக்ரோலிட்டருக்கான கருவி.

எவ்வளவு மின்சாரம் செலவாகும்? சாதாரணத் தாங்கல் கலந்த ஒரு மைக்ரோலிட்டரின் பி.எச்.சை ஓர் அலகு நகர்த்த, பத்து மைக்ரோ ஆம்பியர் ஓட்டத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக விட்டால் போதும். கடிகாரப் பேட்டரியே தாராளம்.

இதில் ஒரு நயம் இருக்கிறது, கவனியுங்கள். ஒரு நொதி அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் பி.எச். அசையாமல் காரத்தைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கடைசியில் எவ்வளவு காரம் சேர்த்தோம் என்று பார்த்தால், அதுவே நொதி எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு! 1950களின் தொடக்கத்தில் இந்தத் தானியங்கி முறை உருவானதும் அதே கார்ல்ஸ்பர்க் கூடத்தில்தான். அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறதோ!

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வயலில் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் இந்த அவையில் எத்தனை பேர்? ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நம் உடம்பில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அந்த நொதி நலமாக இருந்தால் அசிட்டைல்கோலினை உடைத்து அசிட்டிக் அமிலத்தை உண்டாக்கும். விஷம் ஏறியிருந்தால் அமிலம் வராது. 1949இலேயே மிஷெல் என்பவர் இரத்தத்தில் இந்த அமிலத்தை பி.எச். மீட்டரால் அளந்து நொதியின் நிலையைச் சொல்லும் முறையைக் கொடுத்துவிட்டார். கீழே வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இந்த விஷத்தின் சிகிச்சையைப் பற்றிப் பல ஆய்வுகளை வெளியிட்டிருக்கிறார்கள். விரல் துளியில் அமிலத்தைப் பிடித்து நிறுத்தி அளக்கும் ஒரு சில்லு, முகமூடி இல்லாமல் மருந்தடித்தவருக்கு நினைவு தப்புவதற்கு முன்பே எச்சரிக்கை தரலாம். மலை உச்சியிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டைஊசி வளைவுகளில் இறங்கும் நேரம் எவ்வளவு என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறைகளை மறைக்கக் கூடாது. மின்சாரம் விட்டால் நீர் உடைந்து வாயுக் குமிழ் வரும். குவளையில் குமிழ் அழகு. நுண்வாய்க்காலில் ஒரு குமிழ் அடைத்தால் கருவியே செத்தது. அதற்காக, வாயு வராமலே ஹைட்ரஜன் அயனியை விடவும் வாங்கவும் தெரிந்த குயினோன் போன்ற சேர்மங்களை மின்வாயில் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். பெர்க்வெல்ட்டின் டிரான்சிஸ்டரோ, ஈரத்தில் இருக்க இருக்க அளவு மெல்ல நழுவும். ஒரு பி.எச். அலகுக்குக் கிடைப்பதே அதிகபட்சம் சுமார் 59 மில்லிவோல்ட். அதில் ஓரிரு மில்லிவோல்ட் நழுவினாலும் மருத்துவருக்குப் பொய்க் கணக்கு போகும். அதைவிடப் பெரிய தொல்லை, ஒப்பீட்டு மின்வாய். எந்த அளவுக்கும் அசையாத ஒரு புள்ளி வேண்டும் அல்லவா? அந்த அசையாத புள்ளியைச் சிறிதாக்குவதுதான் இந்தத் துறையில் மிகக் கடினம். உணரியைச் சிறிதாக்கியதைப் பற்றிப் பெருமையாகப் பேசும் பலர், பக்கத்தில் ஒரு பெரிய ஒப்பீட்டு மின்வாயைச் செருகிவைத்திருப்பார்கள். படத்தில் அது தெரியாது!

ஆனாலும் வெற்றிகள் வந்திருக்கின்றன. 1992 முதல் விற்பனையில் இருக்கும் ஐ-ஸ்டாட் என்ற கைக்கருவி, ஒரு சின்னப் பெட்டகத்தில் விட்ட சில துளி இரத்தத்தின் பி.எச்.சைச் சுமார் இரண்டு நிமிடத்தில் சொல்கிறது. பெட்டகத்துக்குள்ளேயே சரிபார்க்கும் திரவப் பை ஒன்று இருக்கிறது. கருவி அதை உடைத்து, தன்னைத் தானே சோதித்துக்கொண்டு, பிறகுதான் இரத்தத்தைத் தொடும். 2011இல் அயன் டோரன்ட் நிறுவனத்தார், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்குழிகளின் அடியில் பெர்க்வெல்ட் வகை உணரிகளை அடுக்கி, மரபணுவில் ஓர் எழுத்து சேரும்போது வெளிப்படும் ஹைட்ரஜன் அயனிகளை வைத்து மரபணுவைப் படித்துக் காட்டினார்கள். அங்கே தாங்கல் கரைசலை மிகக் குறைத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது சேதியையே விழுங்கிவிடும். ஓரிடத்தில் காப்பது மற்றோரிடத்தில் கெடுக்கிறது.

நம் நாட்டில்? ராஜஸ்தானின் பிலானியில் உள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த டிரான்சிஸ்டர் உணரிகளைச் செய்திருக்கிறது. காசநோயைக் கண்டறிய கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி, பேட்டரியில் ஓடி, ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்து, 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையையும் பெற்றது. முடியாது என்று சொல்வதற்கு இந்த மலை மிகவும் தவறான இடம். இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1986 முதல் வேலை செய்யும் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியைப் பெங்களூரில்தான் தேய்த்து மெருகேற்றினார்கள். 

ஆகவே இங்கிருக்கும் பிள்ளைகளில் யாராவது பொறியியலுக்கோ வேதியியலுக்கோ போனால், என்னுடைய கோரிக்கை இது. இன்று சந்தையில் இருக்கும் பல பெட்டகங்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் மலைக்கு மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும்? பெட்டகம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள். விலையும் சிறிய சுகாதார நிலையத்துக்குச் சுமை. பரணில் உலர்ந்து கிடந்து, ஆறு மாதம் கழித்து எடுத்தாலும், ஒரு துளி பட்டதும் விழித்துக்கொண்டு சரியான எண் சொல்லும் உணரி வேண்டும். அதோடு சேர்ந்து உலர்ந்து உறங்கும் ஒப்பீட்டு மின்வாய் வேண்டும். குமிழ் விடாத மின்வாய் வேண்டும். கோடையிலும் மார்கழிப் பனியிலும் வெப்பத்துக்கேற்பத் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும். செவிலியர் ஒருவர் விளக்கப் புத்தகம் இல்லாமல் கையாள முடிய வேண்டும். இதில் ஒன்றைத் தீர்த்தாலும் அது ஒரு முனைவர் பட்டத்துக்குக் காணும். ஐந்தையும் தீர்த்தால் கருவி வந்துவிடும்.

 இனி கேள்விகள். முதலில் மாணவர்கள், பிறகு பெரியவர்கள்.